அந்தச் சொல்லை அகலப்படுத்தக் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிட்னியில் 2024 ஏப்ரலில் இரண்டு நாள் இடைவெளியில் நடந்த கத்திக்குத்துத் தாக்குதல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஆறு பேரைக் கொன்றவனைப் பயங்கரவாதி என்று சொல்லவில்லை, ஒருவரும் சாகாத தாக்குதலைப் பயங்கரவாதம் என்று அறிவித்தார்கள், இது என்ன நீதி என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால், தனி ஆள் செய்யும் இப்படியான கொலைகள் எல்லாவற்றையும் இனிப் பயங்கரவாதம் என்றே அறிவிக்க வேண்டும் என்று அவர் முடித்திருந்ததை என் மனம் ஒப்பவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 13, சனிக்கிழமை. அடுத்த நாள் சித்திரைப் புத்தாண்டு. வீட்டில் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தோம். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போதே மச்சாள் அழைத்தாள். "பொண்டாய் ஜங்ஷனில கத்திக்குத்தாம், பிள்ளை எங்க நிக்கிறாள்?" பொண்டாய் ஜங்ஷனில் ஒரு பெரிய கடைத்தொகுதி இருக்கிறது. என் மகள் சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போவாள். இருபது நிமிடம் அவளுடைய தொலைபேசி எடுபடவில்லை. அந்த இருபது நிமிடத்தில் சட்டியில் கிடந்தது கருகியதுகூட எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவள் எடுத்தாள், நான் அழுதேன், அவ்வளவுதான். அன்று எடுக்காமலே போன தொலைபேசிகள் ஆறு.

இறந்த ஆறு பேரில் ஐந்து பேர் பெண்கள். ஒன்பது மாதக் குழந்தையைக் காப்பாற்றக் கொடுத்துவிட்டுச் செத்த தாய் அவர்களில் ஒருத்தி. ஆறாவது ஆள் பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்த காவலாளி. அந்தக் கடைத்தொகுதியில் அவருக்கு அன்றுதான் முதல் நாள் பணி. தனியாக உள்ளே ஓடிப்போன ஒரு பெண் பொலிஸ் அதிகாரி சுட்டுத்தான் அது நின்றது.

அதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் என்னென்ன வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் "முஸ்லிமாம்" என்றார்கள். பிறகு ஒரு யூத மாணவனின் பெயரும் படமும் சுற்றின. ஒரு தொலைக்காட்சியே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டது. அந்தப் பையனுக்கும் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குத்தியவன் குயின்ஸ்லாந்திலிருந்து வந்த நாற்பது வயது ஆள், பதினேழு வயதிலிருந்தே மனச்சிதைவு நோய் உள்ளவன் என்று அடுத்த நாள் தெரிந்தது. பெயர் தெரிந்த உடனே குழுக்கள் அமைதியாகிவிட்டன. அந்த அமைதியை நான் மறக்கமாட்டேன். என்ன நடந்தது என்று தெரிய முன்னமே பயங்கரவாதம் என்ற அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடைய தலையில் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இரண்டு நாள் கழித்துத் திங்கள் இரவு, சிட்னியின் வேக்லியில் உள்ள அசிரியத் தேவாலயத்தில் வழிபாடு நேரலையில் போய்க்கொண்டிருக்கும்போது, ஆயர் மார் மாரி இம்மானுவேலைப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் குத்தினான். ஆயர் உயிர் பிழைத்தார், ஒரு கண்ணில் பார்வை போனது. விடிய முன்னமே பொலிஸ் ஆணையாளர் கரன் வெப் அதைப் பயங்கரவாதச் சம்பவம் என்று அறிவித்தார். அடுத்த வாரம் 400-க்கும் மேற்பட்ட பொலிஸார் சிட்னியில் பல வீடுகளைச் சோதனையிட்டார்கள். ஆயரோ வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடியே, குத்தியவனை மகனே என்று அழைத்து மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பையனுக்கு மனநலப் பிரச்சினையோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ இருக்கலாம் என்று அவனுடைய வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொன்னார். அவனையும் பொண்டாய்க்காரனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் கேள்வி வரத்தான் செய்யும். பல முஸ்லிம் அமைப்புகள் அப்போதே கேட்டன. கேட்டதில் பிழையே இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2001 செப்டம்பரில் அமெரிக்கா தாக்கப்பட்ட பிறகு, 2002-இல் இங்கே ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த வரையறையில் செத்தவர்களின் எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. அரசியல், மதம், கொள்கை இவற்றில் ஒன்றை முன்னெடுக்கும் நோக்கம் இருக்க வேண்டும், அரசை வற்புறுத்தவோ மக்களை மிரட்டவோ செய்திருக்க வேண்டும். உளவுத்துறைத் தலைவர் மைக் பர்ஜஸ் அன்று சொன்ன விளக்கமும் இதுதான். நோக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் ஆறு உயிர் போனதற்கு அந்தப் பெயர் இல்லை, ஒரு கண் போனதற்கு உண்டு.

ஆனால் ஊரில் அந்தச் சொல்லை யாரும் அப்படிப் பாவிப்பதில்லை. மிகப் பெரிய கொடுமை என்பதற்கு முத்திரை குத்துவதுபோலத்தான் பாவிக்கிறோம். அதனால், பயங்கரவாதம் இல்லை என்றால் செத்தவர்களைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று நெஞ்சு எரிகிறது. பொண்டாயில் பெண்களைத்தான் குறிவைத்தான் என்று ஆணையாளரே சொன்ன பிறகு, பெண்களை வெறுப்பதும் ஒரு கொள்கைதானே என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. மரண விசாரணையில் அவனுக்கு முன்பு சிகிச்சை கொடுத்த மருத்துவர், பெண்கள் மேலிருந்த வெறுப்புத்தான் காரணமாக இருக்கலாம் என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, அது வெறும் ஊகம் என்று அடுத்த நாளே வாபஸ் வாங்கினார். செத்துப்போனவனின் மண்டைக்குள் என்ன இருந்தது என்பது இவ்வளவு நிச்சயமில்லாத விஷயம். அதை நம்பி ஒரு நாட்டின் மிகக் கடுமையான சட்டத்தை அவிழ்த்துவிடச் சொல்கிறோமா?

அந்தப் பெயர் தீர்மானிக்கப்படுவது எப்போதும் வேதனையின் அளவை வைத்து இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2014 டிசம்பரில் சிட்னி மார்ட்டின் பிளேஸில் இருந்த லிண்ட் கபேயில் ஒருவன் தனியாக நின்று பதினெட்டுப் பேரைப் பணயம் வைத்தான், இரண்டு பணயக் கைதிகள் இறந்தார்கள். அவன் பயங்கரவாதியா, புத்தி பேதலித்த குற்றவாளியா என்று வருடக்கணக்கில் வாதாடினார்கள். அந்த வாதம் முடிய முன்னமே, அடுத்த மாதமே, அன்றைய நிதியமைச்சர் அதைப் பயங்கரவாதச் சம்பவம் என்று அறிவித்துவிட்டார். ஏன் தெரியுமா? மார்ட்டின் பிளேஸில் இருந்த கடைக்காரருக்குக் காப்புறுதிப் பணம் கிடைப்பதற்காக. பயங்கரவாத நட்டத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று காப்புறுதிப் பத்திரங்களில் இருக்கும் விதிவிலக்கை நீக்க அந்த அறிவிப்புத் தேவைப்பட்டது.

இனி என் வீட்டுக் கதை. இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் மூன்று வருடத்துக்கென்று வந்தது. 1982-இல் நிரந்தரமாக்கினார்கள். இன்றைக்கும் இருக்கிறது. பயங்கரவாதம் என்றால் என்ன என்று அந்தச் சட்டத்தில் ஓரிடத்திலும் வரையறை இல்லை. குற்றம் சாட்டாமலே பதினெட்டு மாதம் அடைத்து வைக்கலாம் என்று மட்டும் தெளிவாக இருந்தது. 1986-இல் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த என் அண்ணனைச் சந்தியில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. அம்மாவிடம் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தார்கள். அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் தட்டச்சில் அடித்திருந்தது. அம்மா அதைப் பொலித்தீன் உறைக்குள் மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு தெற்கே ஒரு முகாமுக்குப் பஸ்ஸில் போய் வருவாள். பதினொரு மாதம். பிறகு ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் விட்டார்கள். சைக்கிள் திரும்பி வரவில்லை. இங்கே வருவதற்கு விசாப் படிவம் நிரப்பியபோது, பயங்கரவாதத்தோடு தொடர்பு உண்டா என்ற கேள்விக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டு அண்ணன் அரை மணி நேரம் பேனாவைத் தொடவில்லை.

அதனால்தான் வரையறை இறுக்கமாக இருக்கட்டும் என்கிறேன். இரட்டை அளவுகோல் தப்பென்றால், பதினாறு வயதுப் பையன்மேல் அந்தச் சொல்லை விடிய முன்னம் போட்டதைக் கேள்வி கேளுங்கள். மதம் என்ற சொல்லையே வரையறையிலிருந்து எடுங்கள் என்று சில முஸ்லிம் அமைப்புகள் கேட்கின்றன, அதைப் பற்றியும் விவாதியுங்கள். எல்லோர் தலையிலும் சமமாகப் போடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது ஒருநாளும் சமமாக விழுந்ததில்லை.

பிரித்தானியாவிலும் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு இதே கூச்சல் எழுந்தது. வரையறையை அகலப்படுத்தலாமா என்று ஆராய்ந்த, அங்கே பயங்கரவாதச் சட்டங்களைச் சுயாதீனமாக மீளாய்வு செய்யும் ஜோனதன் ஹோல், 2025 மார்ச்சில் வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாக, கூட்டக்கொலைக்குத் திட்டமிடுவதைத் தனிக் குற்றமாக்கலாம் என்று சொன்னார். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

கட்டுரையில் ஒரு வரிகூட வராத விஷயம் ஒன்று உண்டு. 2025 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த மரண விசாரணையைத் தொடர்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். பொண்டாய்க்கு ஒன்றேகால் வருடத்துக்கு முன், 2023 ஜனவரியில், குயின்ஸ்லாந்தின் டுவூம்பா நகரில், பொண்டாயில் குத்தியவனுடைய பெற்றோர் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. தகப்பன் தன் கத்திகளை எடுத்து வைத்துவிட்டார் என்று அவனே பொலிஸைக் கூப்பிட்டிருந்தான். வந்தவர்களிடம் தாய், இவன் ஏதாவது விபரீதமாகச் செய்தால் தவிர இவனுக்குச் சிகிச்சை கிடைக்க வழி தெரியவில்லை என்று சொன்னாள். பொலிஸாரின் உடலில் இருந்த கமராவில் அது பதிவாகியிருக்கிறது. ஒரு அதிகாரி, இவனைக் கவனியுங்கள் என்று மனநலப் பிரிவுக்கு மின்னஞ்சலும் போட்டார். அது கண்ணில் படாமல் போய்விட்டது.

வேக்லிக்கு 400 பொலிஸார். டுவூம்பாவுக்கு யாரும் கவனிக்காத ஒரு மின்னஞ்சல். அந்தச் சொல் இருந்தால் ஆளும் பணமும் ஓடி வருகின்றன, இல்லாவிட்டால் மனநோய் என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். கட்டுரையாளர் தன் கோபத்தை இங்கே காட்டியிருக்கலாம்.

மனநோய் என்று சொல்லிவிடுவதாலும் ஒருவரும் தப்புவதில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறா. அவவின் மகனுக்கும் அதே நோய்தான், ஒழுங்காக மாத்திரை எடுக்கிறான், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன். பொண்டாய்க்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவனைக் கோயிலுக்குக் கூட்டி வரவில்லை. "ஆக்கள் பாக்கிற பார்வை சரியில்லை தங்கச்சி" என்றா.

அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. விசாரணை நடந்த ஐந்து கிழமையும் இரவில் என்னைக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்பா. அந்தத் தாய் சொன்னதைச் சொன்ன இரவு, அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. மரண விசாரணை அதிகாரி தெரேசா ஓ'சலிவனின் முடிவுகள் 2025 ஜூனில் இதை எழுதும்வரை வரவில்லை. வந்ததும், டுவூம்பா மின்னஞ்சலைப் பற்றிய பகுதியையாவது விடாமல் தமிழில் போடுங்கள் ஆசிரியர் அவர்களே. அந்த இதழில் இரண்டு பிரதி எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வென்ட்வேர்த்வில், சிட்னி.
ஜூன் 2025