சிவப்பதெல்லாம் எலும்பல்ல

ஆசிரியருக்கு,

‘தாடை எலும்பை வளர்க்க வந்துவிட்டது சிப்’ என்ற பாணியில் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. இம்பிளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடையில் பதிக்கும் திருகு) வைக்க எலும்பு போதாதவர்கள் அதைப் படித்துவிட்டு, அந்தச் சிப்பைத் தாடையில் பதிப்பார்கள் என்று நம்பிவிடுகிறார்கள். அது வாய்க்குள் போகும் பொருளே அல்ல. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய ஒரு சிலிக்கோன் துண்டு. உள்ளே மிக நுண்ணிய வாய்க்கால்கள். அவற்றில் மனித செல்களை வளர்த்து, ஒரு எலும்பு மாற்றுப் பொருளோ மருந்தோ அவற்றை என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். 2020இல் அமெரிக்காவின் ஓரிகன் ஆய்வாளர்கள் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பல் சீவலை வைத்து இப்படித்தான் பல் நிரப்பும் பொருட்களைச் சோதித்தார்கள்.

சிப் செய்வது பெரிய வித்தையல்ல. சிலிக்கோனையும் இறுக்கியையும் 10:1 எடையில் கலந்து, வெற்றிடத்தில் குமிழி போக்கி, அச்சில் ஊற்றி, 65 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். பிறகு ஆக்சிஜன் பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) காட்டிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒட்டிய சூட்டோடு சுவர்கள் நீரை ஈர்க்கும். அப்போதே செல்களைத் தாங்கும் கொலாஜன் (புரதக்) கூழை விட்டால், அது வாய்க்கால்களைப் பிரிக்கும் நுண்தூண் வரிசைக்குள் நிற்காமல் பக்கத்து வாய்க்காலுக்கு வழிந்துவிடும். சிப்பை 80 டிகிரியில் ஒரு நாள் வைத்து, அந்த ஈர்ப்பு குறைந்த பிறகு கூழை விடுவது நல்லது. வளர்ப்புத் திரவத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராக ஓட்டினால், உள்ளே சூடாகிக் குமிழி கிளம்பும். அது நகரும்போது செல்களைச் சுரண்டிக்கொண்டு போகும்.

ஓட்டமும் கணக்கோடு இருக்க வேண்டும். 1 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. உயரமுள்ள வாய்க்காலில் நிமிடத்துக்கு 100 மைக்ரோலிட்டர் ஓடினால் செல்கள் மேல் உரசும் அழுத்தம் சுமார் 0.7 பாஸ்கல். உயரம் பாதியானால் அதுவே நான்கு மடங்கு. அச்சில் சிறு பிசகு நேர்ந்தாலும் முடிவு மாறிவிடும். கொழுப்பில் கரையும் மருந்துகளைச் சிலிக்கோன் உறிஞ்சிவிடும் என்பதால், ஊற்றிய அளவை நம்பாமல் வெளியேறும் திரவத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

பெரிய ஏமாற்று, மூன்றாவது வாரத்தில் அலிசரின் சாயம் (கால்சியம் படிந்த இடத்தைச் சிவப்பாக்குவது) காட்டும் சிவப்பு. செல்களை எலும்பாக்கத் தூண்டும் திரவத்தில் சேர்க்கும் கிளிசரோபாஸ்பேட் என்ற பாஸ்பேட் பொருள், செத்த செல்கள் மேலும் கால்சியம் உப்பாகப் படியலாம். சாயத்துக்கு வேறுபாடு தெரியாது. செல்லே இல்லாத ஒரு சிப்பிலும் அதே திரவத்தை அதே நாட்கள் ஓட்டிச் சாயமிட்டுப் பார்க்காத முடிவை நாங்கள் ஏற்பதில்லை.

இந்தியாவின் மருந்துச் சோதனை விதிகளில் 2023இல் செய்த திருத்தம் இத்தகைய சிப்களுக்கும் இடம் தந்திருக்கிறது. இனி இந்தச் செய்திகள் கூடும். எழுதும் நிருபர்கள் இரண்டைக் கேட்கட்டும்: செல்கள் தாடையிலிருந்து எடுத்தவையா, இடுப்பெலும்பிலிருந்தா (இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை)? செல் இல்லாத சிப் எவ்வளவு சிவந்தது?

பல் திசு ஆய்வாளர்கள் சிலர்,
சென்னை