திருப்பணி நிறைவு அறிக்கை: விமான வேலையின் மிகுதிச் செலவு குறித்த விளக்கத்துடன்

திருப்பணிக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணி, சென்ற தை மாதம் குடமுழுக்குடன் நிறைவுற்றது. மதில் சீரமைப்பு, தளவரிசை, மடைப்பள்ளிக் கூரை, மின் இணைப்பு ஆகியவை மதிப்பீட்டுக்குள்ளேயே முடிந்தன. சிலைகளைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து சாத்துதலும் 48 நாள் மண்டலாபிஷேகமும் குறைவின்றி நடந்தன. இவற்றைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பவில்லை. கேட்கப்பட்டவை எல்லாம் கருவறைக்கு மேலுள்ள விமானத்தைப் பற்றியும், அந்த வேலையை மேற்பார்வை பார்த்த, இன்று நம்மிடையே இல்லாத மேஸ்திரி ஐயாவைப் பற்றியுமே. தம் பெயர் கல்வெட்டிலும் காகிதத்திலும் வரக்கூடாது என்று அவர் சொல்லியிருந்ததால் இங்கும் அதை எழுதவில்லை.

மதிப்பீடு ரூ.18,40,000, செலவு ரூ.21,56,000. மிகுதியான ரூ.3,16,000-இல் ரூ.74,000 மணல், செங்கல் விலையேற்றத்தால் வந்தது, ரூ.55,000 மழைக்காக யாகசாலைக்குத் தகரக் கொட்டகை போட்டதால் வந்தது. எஞ்சிய ரூ.1,87,000, விமானத்தின் கிழக்கு, தெற்கு முகங்களில் பூசியதைச் செதுக்கியெடுத்து மறுபடியும் பூசியதில் போனது. மேற்பார்வை பார்த்தவர் உச்சிவேளையில் வீட்டுக்குப் போய்விட்டதால் வந்த நட்டம் இது என்று பொதுக்குழுவில் சொல்லப்பட்டபோது குழுவினர் எவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாதது தவறு.

ஐயா 14 வயதில் கையாளாக வேலைக்குப் போய், 50 ஆண்டுகளுக்கு மேல் கரணை பிடித்தவர். மூன்று பெண்களைப் படிக்கவைத்துக் கரையேற்றியவர். கூலி வாங்காமல் மேற்பார்வை பார்க்க ஒப்புக்கொண்டபோது அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. பக்கவாதத்தால் ஒன்பது ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் மனைவிக்குத் தம் கையால் சோறூட்ட, நாள்தோறும் 12.30 முதல் 2 மணி வரை அவருக்கு விடுப்பு வேண்டும். குழு அதை ஏற்றுத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதியது. ஆகவே அவர் சொல்லாமல் போனவர் அல்லர்.

நம் விமானம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. சுண்ணாம்புப் பூச்சு உள்ளே இறங்கிய ஈரத்தை மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பழைய செங்கல்லைப் பொடியாக்கும். அறநிலையத் துறை ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டிலும் ஒப்பந்தத்திலும் சுண்ணாம்புச் சாந்து என்றே இருந்தது. நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, அதை வெயில் படாமல் ஈரச்சாக்கு போர்த்திக் காக்க நாள் பிடிக்கும். ஒப்பந்தக்காரருக்கு அதற்குப் பொறுமை இல்லை. ஐயா சைக்கிள் ஏறிய பிறகு, சாந்தில் சிமெண்ட் கலந்து இரண்டு முகங்களையும் அவசரமாகப் பூசியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஐயா சாரத்தில் ஏறி நகத்தால் கீறிப் பார்த்தார். ஓரிரவுக்குள் சுண்ணாம்பு அப்படிக் கல்லாக இறுகாது.

"கொஞ்சம் சேர்த்தால் பிடிப்பு நன்றாக இருக்கும், எல்லா இடத்திலும் சேர்க்கிறார்கள்" என்று ஒப்பந்தக்காரர் வாதாடினார். ஊர்ச்சாவடியில் மூன்று முறை பேச்சு நடந்தது. மூன்றாம் முறை வழக்குப் போடுவேன் என்று எழுந்து போனவர், நான்கு நாள் கழித்து வந்து கணக்கை முடித்துக்கொண்டார். மறுபூச்சுக்கு ஆன ரூ.2,97,000-இல் அவருடைய பட்டியலிலிருந்து பிடிக்க முடிந்தது ரூ.1,10,000 மட்டுமே. பூச்சோடு விட்டுவைத்திருக்கலாமே என்று சிலர் இன்னமும் கேட்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த திருப்பணிக்கு வருகிறவர்கள் நம்மை ஏசுவதற்கு அது வழியாகியிருக்கும்.

இனி, இதுவரை உறுப்பினர்களுக்குச் சொல்லாத செய்தி. பூச்சு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு, "மத்தியானத்துக்கு மட்டும் விவரம் தெரிந்த ஒருவரைப் போடுங்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை" என்று ஐயா எழுதிய சீட்டு எங்கள் கோப்பில் இருக்கிறது. நாளொன்றுக்கு ரூ.300 மிச்சம் என்று கருதி அதை ஒதுக்கியவர்கள் நாங்கள்.

மறுபூச்சு வேலையை அவர் தம் மருமகனுக்கு வாங்கிக் கொடுத்தார் என்பதும் உண்மை அன்று. மருமகன் கேட்டார், ஐயா கூடாது என்று மறுத்துவிட்டார். அந்த வருத்தத்தில் அவர் மாமனார் வீட்டுக்குப் போவதையே நிறுத்தியிருந்தது கீழத்தெரு முழுக்கத் தெரியும். வேலையைச் செய்தவர்கள் மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததைக் கொடுத்த கும்பகோணத்துச் சுதை வேலைக்காரர்கள். புரட்டாசியில் பூச்சு முடிந்தது. ஐப்பசியில் ஐயா காலமானார்.

கலசங்களுக்குத் தங்கமுலாம் பூசித் தந்த மேலத்தெருப் பெரியவீட்டுப் பங்காளிகள், கலசத்துக்கு வரகு தந்த வடக்குவெளி விவசாயிகள், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிய நம் ஊர் இளைஞர்கள், யாகசாலை நெய் முழுவதையும் ஏற்ற பால்காரர் குடும்பம், அன்னதான அரிசி தந்த ஆலைக்காரர், சாரத்துக்குச் சவுக்குக்கழி தந்த கடைத்தெரு வியாபாரிகள், உண்டியல் உடைத்துக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகள் ஆகிய அனைவருக்கும் நன்றி. பெயர்ப் பட்டியல் முழுமையாக மண்டபப் பலகையில் உள்ளது. அதில் விடுபட்டவர்கள் தயவுசெய்து என்னிடம் நேரில் சொல்லவும், டீக்கடையில் சொல்ல வேண்டாம்.

ஐயாவின் குறிப்பேட்டில் "கடுக்காய் 6 கிலோ, வெல்லம் 20 கிலோ, வீட்டிலிருந்து" என்ற வரிக்கு எதிரே தொகை எழுதப்படவில்லை. தணிக்கையாளர் கேட்டதால், அன்றைய கடைவிலையைப் போட்டு, அதை நன்கொடையாக அவர் மனைவியின் பெயரில் வரவு வைத்தோம். ரசீதைக் கொடுக்க நான் போனபோது மணி ஒன்று. மருமகன் அந்த அம்மாவுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார். ரசீதைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன்.

செயலாளர்,
திருப்பணிக் குழு