பூம்பாறையிலிருந்து மகளுக்கு

அன்புள்ள தாயிக்கு,

அப்பா எழுதுறேன். போன்ல நீ அழுததுல எதையும் முழுசாச் சொல்ல முடியல.

மேல்வீட்டு அப்பத்தா காதுல போடுற தண்டட்டியை எடுத்துட்டுப் போனவன் முகம் தெரியாத ஆள் இல்ல. பூண்டு பிடுங்க வந்தானே, அந்த 17 வயசுப் பையன்தான். வேலை முடிஞ்சு மத்த ஆளுக மலையிறங்கின பிறகும் அவன் போகல. அப்பத்தாவுக்கு விறகு பொளந்து குடுத்தான். முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கியாந்தான். பரண்ல தொங்குற விதைப்பூண்டுக்குப் புகை போட்டான். பொழுது சாஞ்சா அடுப்புப் பக்கத்துல உக்காந்து, தாத்தா அந்தக் காலத்துல குதிரை மேல பூண்டு மூட்டை ஏத்திட்டுப் போன கதையைக் கேப்பான். நாமெல்லாம் கேட்டுச் சலிச்ச கதை. அவன் மட்டும் "அப்புறம், அப்பத்தா?"ம்பான். அப்படிக் கேட்டே, தண்டட்டி எந்தப் பானைக்குள்ள இருக்குங்கிற வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டான். குழந்தை வேலப்பர் தேர் அன்னிக்கு, கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போய் நிழல்ல உக்கார வச்சுட்டு, தண்ணி வாங்கியாரேன்னு போனவன் திரும்பல.

இனிமே யாரையும் வீட்டுக்குள்ள விடவேணாம்னு சொல்லச் சொன்ன. அதை நான் சொல்லமாட்டேன் தாயி. ஒத்தையில கெடக்கிற மனுசிக்குப் பேச ஒரு ஆள் வேணும். குத்தம் ஏமாத்துனவன் மேல, நம்புனவுக மேல இல்ல. "கெழவிக்குப் புத்தி எங்க போச்சு"ன்னு ஊர்ல ரெண்டு பேர் அவுக காதுபடவே பேசுறாக. எனக்கு மனசு கொதிக்குது. நகை போனதைவிட அந்தப் பேச்சுதான் அவுகளைச் சோறு தண்ணி இல்லாமப் படுக்க வச்சிருக்கு.

புகாரே வேணாம்னாக. "சின்னப்பய, அடிச்சே கொன்னுடுவாக"ன்னு ஒரே அழுகை. நான் விடல. சும்மா விட்டா நாளைக்கு மன்னவனூர்லயோ கவுஞ்சியிலயோ இன்னொரு கெழவியை அப்பத்தாம்பான். 18 நிரம்பாதவனை லாக்கப்புலயோ ஜெயில்லயோ வைக்கக்கூடாது, சிறார் நீதிக் குழுமத்துக்கு முன்னாலதான் கொண்டுபோய் நிறுத்தணும்னு 2015ஆம் வருசச் சட்டமே சொல்லுதுன்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். நாளைக்கு அவன் திருந்தி ஒரு வேலைக்குப் போனா இது குறுக்க நிக்காதான்னு கேட்டாக. பொதுவா நிக்காது, அதுக்கும் அந்தச் சட்டத்துலயே வழி இருக்குன்னேன். அப்புறந்தான் கைநாட்டு வச்சாக.

ஞாயித்துக்கிழமை அவுகளுக்கு ஒரு போன் போடு. நகைப் பேச்சை எடுக்காத.

இன்னொண்ணு. ஸ்டேசன்ல தண்டட்டி போட்டோ கேக்குறாக. உன் கல்யாண ஆல்பத்துல அப்பத்தா உனக்குத் திருநீறு பூசுற படத்துல காது நல்லாத் தெரியும். அதை மட்டும் தனியாப் படம் புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பு. பிரிண்ட் போடக் கொடைக்கானல்தான் போகணும், அதனால சனிக்கிழமைக்குள்ள வந்துரணும்.

அப்பா