காந்தத்தில் ஒட்டாத ஊசியைக் காந்த மெஷினுக்கு விற்றது பற்றிப் புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்

பொருள்: அரைக் கிலோ எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஊசியை மாற்றித் தரவும், கோவை வரை அலைக்கழித்ததற்குப் பதில் சொல்லவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது மின்னஞ்சல். முதல் ஆறுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதில் மூன்றை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை. ஆர்டர் எண், பில், வீடியோ எல்லாம் பழைய மின்னஞ்சல்களிலேயே இருக்கின்றன. தயவுசெய்து இந்த முறையாவது திறந்து பாருங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். மெட்டி, கொலுசுக் கொக்கி, மணி, திருகாணி மாதிரி பொடி உருப்படிகள்தான் எங்கள் வேலை. இவற்றை பஃப்பில் (சுழலும் துணிச் சக்கரத்தில்) பிடித்தால் வேலைப்பாடு மழுங்குகிறது, வெள்ளியும் தூளாகப் போகிறது. அந்தச் சேதாரத்தை எந்தக் கடைக்காரரும் எனக்குக் கட்டித் தருவதில்லை. காந்த மெஷினில் கிண்ணத்துக்கு அடியில் காந்தம் சுழல, உள்ளே பொடி ஊசிகள் துள்ளித் துள்ளி உருப்படியைத் தட்டி மெருகேற்றும், இண்டு இடுக்கெல்லாம் போகும், வெள்ளி குறையாது. தயார் மெஷின் வாங்க வசதி இல்லாததால் நானே செய்ய முடிவெடுத்து, ஜூன் மாதம் உங்களிடம் 8 நியோடிமியம் காந்தமும் அரைக் கிலோ ஊசியும் வாங்கினேன்.

காந்தங்களைக் குறை சொல்லமாட்டேன். நல்ல காந்தம். ஊசிதான் பிரச்சினை.

உங்கள் ஆள் ஒருவர் போனில் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுத மனம் வராது. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்துல ஒட்டாது சார். ஒட்டலைன்னாதான் அது ஒரிஜினல். இதுகூடத் தெரியாம மெஷின் செய்ய வந்துட்டீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நான் பேசும்போதே வைத்துவிட்டார். 26 வருடமாக உலோகத்தில் கை வைத்துப் பிழைப்பவன் நான். என் மனைவியும் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர்கள் முன்னால் அப்படி ஒரு பேச்சு வாங்கினேன்.

அவருக்கு நீங்களாவது சொல்லுங்கள். சூடேற்றிப் பதம் போட்ட 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது, உண்மைதான். ஆனால் அதையே சூடு இல்லாமல் கம்பியாக இழுத்தால் ஒட்ட ஆரம்பிக்கும். வெள்ளிக் கம்பியை அச்சில் இழுக்க இழுக்க இறுகுகிறதே, அதேபோல் இதுவும் இறுகும். கூடவே உள்ளே அமைப்பு மாறிக் காந்தத்துக்கு இழுபடும். அதனால்தான் துருப்பிடிக்காத ஊசியே இந்த மெஷினில் ஓடுகிறது. 316 ரகம் என்றால் இழுத்த பிறகும் பெரிதாக ஒட்டாது. எனக்கு அனுப்பியது எந்தக் கம்பி, பதம் போட்டதா இல்லையா என்பது விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பாக்கெட்டின் மேல் "காந்த பாலிஷ் மெஷினுக்கு" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதும் நீங்கள்தான்.

மெஷினை எப்படிச் செய்தேன் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் முதலில் பேசியவர் என் மெஷின்தான் தப்பு என்றார். பழைய வெட் கிரைண்டர் மோட்டார், அரை ஹெச்பி, 1440 ஆர்பிஎம். அதன் தண்டில் லேத்தில் கடைந்த 6 அங்குல இரும்புத் தட்டு. தட்டின் விளிம்பில் 8 காந்தம், ஒன்று வடக்கு மேலே, அடுத்தது தெற்கு மேலே என மாற்றி மாற்றி, காம்பஸ் வைத்துச் சரிபார்த்து எப்பாக்சியில் ஒட்டியது. மேலே அக்ரிலிக் பலகை, அதன்மேல் பிளாஸ்டிக் கிண்ணம். அலுமினியக் கிண்ணம் வைத்தால் சுழலும் காந்தத்தால் அதுவே சூடாகும், வேகத்தையும் இழுத்துப் பிடிக்கும் என்பதால் பிளாஸ்டிக்தான் வைத்தேன். தண்ணீர், ஊசி, கொஞ்சம் சோப்பு. அவ்வளவுதான்.

சுவிட்ச் போட்டேன். ஊசிகள் அடியில் மணல் மாதிரி படுத்திருந்தன.

கையில் காந்தம் வைத்து ஊசியைத் தொட்டால் லேசாக ஒட்டுகிறது. வெட்டிய முனை மட்டும் ஒட்டும், நடுப்பகுதி நழுவிவிடும். அந்த லேசான ஒட்டல்தான் என்னை ஏமாற்றியது. ஊசி சரி, என் வேலைதான் கோணல் என்று 11 நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இடைவெளியைக் குறைக்க அக்ரிலிக்கை மெல்லிசாக மாற்றினேன். தட்டை இரண்டு முறை கழற்றினேன். இரண்டாவது முறை ஒரு காந்தம் எப்பாக்சியோடு பெயர்ந்து இன்னொன்றின்மேல் பாய்ந்தது; நடுவில் என் இடது ஆட்காட்டி விரல். நகம் கருத்துப்போய் இன்னும் முழுதாக வளரவில்லை.

கடைசியில் பக்கத்துத் தெருவில் தயார் மெஷின் வைத்திருப்பவரிடம் ஒரு கரண்டி ஊசி கடன் வாங்கி, அதே கிண்ணத்தில், அதே காந்தத்தின்மேல் போட்டேன். சுவிட்ச் போட்ட நொடியில் தண்ணீர் கொதிப்பதுபோல் எழும்பின. அதில் போட்ட மெட்டி அரை மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி வந்தது. இந்த வீடியோவைத்தான் மூன்று முறை அனுப்பினேன். பார்த்துவிட்டு உங்கள் பக்கத்தில் இன்னொருவர், "காந்தத்தைச் சூடு பண்ணியிருப்பீங்க, பவர் போயிருக்கும்" என்கிறார். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி தாண்டினால்தான் பவரை இழக்கும். என் கிண்ணத்தில் இருந்தது குழாய்த் தண்ணீர். பவர் போன காந்தம் பக்கத்துத் தெரு ஊசியை எப்படி ஆட்டும்?

அப்புறம் கோவை. உங்கள் ஆள் சொல்லித்தான் போனேன், நானாகப் போகவில்லை. "பொருளை நேரில் கொண்டுவந்தால் உடனே மாற்றித் தருவோம்" என்ற குறுஞ்செய்தி என் போனில் பத்திரமாக இருக்கிறது. ஆடி மாதம், ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிந்த நேரம், ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டு விடியற்காலை பஸ் ஏறினேன். காந்திபுரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, உங்கள் கிளையில் 12 மணி வரை காத்திருந்தேன். உள்ளே கூப்பிட்டு, பாக்கெட்டைப் பிரிக்காமலே, "ஆன்லைன் ஆர்டர் இங்கே எடுக்க மாட்டோம்" என்றார்கள். குறுஞ்செய்தியைக் காட்டினேன். "அது கால் சென்டர், எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். உட்கார நாற்காலிகூடத் தரவில்லை. போக வர 300 கிலோமீட்டருக்கு மேல், அதே அரைக் கிலோவை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

இதனால் எனக்கு ஆன நஷ்டம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. 200 ஜோடி மெட்டி ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. மீதியை வீட்டுப் பெண்கள் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பித்தளை பிரஷ்ஷால் இரவு 1 மணி வரை தேய்த்தார்கள். சொன்ன தேதிக்குக் கொடுப்பவன் என்ற பெயர் ஒரே மாதத்தில் அடியோடு போய்விட்டது. அதற்கு எந்த ஊசியும் ஈடாகாது.

இருந்தாலும் சண்டை போட இதை எழுதவில்லை. காந்தம் நன்றாக இருந்தது, அதனால் உங்களிடமே திரும்ப வாங்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கம்பியாக இழுத்து இறுகிய, நன்றாக ஒட்டுகிற ஊசி அரைக் கிலோ, 0.5 மி.மீ. தடிமன், 5 மி.மீ. நீளம், அனுப்பிவிடுங்கள். முடியாவிட்டால் ஊசிக்கான பணத்தையும் கோவைப் பயணச் செலவு ரூ. 740-ஐயும் திருப்பித் தாருங்கள். போனில் அப்படிப் பேசியவர் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை விடமாட்டேன்.

15 நாள் பொறுப்பேன். ஆன்லைனில் விற்பவர்களுக்கான 2020 விதிகளில் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. என் முதல் புகாருக்கு ஒரு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. இனியும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அப்போது சேலத்துக்கு பஸ் ஏற வேண்டியது நீங்கள்.

பழைய ஊசியைக் கழுவிக் காயவைத்து, அதே பாக்கெட்டில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு தவிர எந்த நாளும் காலை 9 மணிக்குமேல் கூரியர் ஆளை அனுப்பலாம். அதிலிருந்து ஒரு பிடி மட்டும் ஆணையத்தில் காட்டத் தனியாக எடுத்து வைத்துள்ளேன், எடை குறைகிறது என்று மறுபடி ஒரு புகாரைத் திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளிப் பட்டறை உரிமையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்