சீவாளி இரண்டு அனுப்பியிருக்கிறேன்

17.6.2020

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மீனாவும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் குறி விழுகிறது, அப்புறம் ஒரு கட்டைவிரல் வருகிறது. கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால்தான் தபால். கூடவே டப்பாவில் நாயனத்தில் செருகி ஊதுகிற சீவாளி இரண்டு இருக்கிறது. திருவாவடுதுறையில் நமக்கு எப்போதும் செய்து கொடுப்பவர், பஸ் இல்லாததால் சைக்கிளிலேயே கொண்டுவந்தார். அவருக்கும் மூன்று மாதமாக ஒன்றும் போகவில்லை. நான்கு எடுத்துக்கொண்டேன். உன்னிடம் இருப்பதைக் காயவிடாதே. வாசிக்க நேரம் இல்லாவிட்டாலும் தினம் ஒரு தரம் வாயில் வைத்து நனைத்து எடு.

19ஆம் தேதியிலிருந்து சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு என்று டிவியில் சொன்னார்கள். இ-பாஸ் இல்லாமல் ஜில்லா தாண்ட முடியாது, நீ வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சித்திரை, வைகாசிக்கு எழுதிவைத்த 14 முகூர்த்தமும் போச்சு. மூன்று வீட்டாருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றவர்கள் தையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கோயிலில் காலசந்திப் பூஜைக்கு மட்டும் காலையில் போய் வாசித்துவிட்டு வருகிறேன். கேட்பதற்குக் குருக்களும் புறாக்களும்தான். மே 4ஆம் தேதி மதுரை மீனாட்சி கல்யாணத்தை அம்மா போனில் பார்த்தாள். போனைப் பூஜை அறையில் சாய்த்து வைத்து, அதன் முன்னாலேயே தாலிச் சரடு மாற்றிக்கொண்டாள்.

டொராண்டோ பையனுக்கு வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமை நமக்கு ராத்திரி ஏழு மணி, அவர்களுக்குக் காலை ஒன்பதரை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், நாயனம் என்றால் உயிர். முதல் நாள் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும், நீதானே போனில் வழி சொன்னாய். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு ‘ச’ பிடி என்கிறேன், பையன் எங்கெங்கோ பிடிக்கிறான். காது மந்தம் என்று நினைத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் அவனுக்குச் சுருதியே போகவில்லை. ஒரே மாதிரி நிற்கிற ஒலியை அந்த ஜூம், மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அடக்கிவிடுமாமே! நமக்குச் சுருதி மாதா, அதற்கு இரைச்சல். அசல் ஒலியை விடும்படி நீ மாற்றச் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது. இப்போது அவன் வீட்டிலும் ஒரு பெட்டி போட்டுக்கொள்கிறான். மூச்சுதான் பிரச்சினை, அது திரையில் தெரிவதில்லை. வயிற்றைக் காட்டு என்றால் அவன் அம்மா போனைத் தொப்புளுக்கு நேராகப் பிடிக்கிறார். முக்கால் மணி நேரம் ஒரு வயிற்றுக்குப் பாடம் எடுக்கிறேன்.

குத்தாலத்துக் கல்யாணத்தை உனக்குச் சொன்னேனா? ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றதால் மேளத்தை விட்டுவிட்டார்கள். ஆனாலும் பெண்ணின் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. போனிலாவது வாசியுங்கள் என்றார். நான் நம் வீட்டுத் திண்ணையில், தவில் சித்தப்பா அவர் வீட்டில், முகூர்த்தம் மண்டபத்தில். நான் ஒரு வரி வாசித்துவிட்டு அவருக்காகக் காத்திருக்கிறேன், அவர் எனக்காகக் காத்திருக்கிறார். இப்படிக் காத்துக் காத்துக் காலப்பிரமாணம் நடையிலிருந்து தவழ்தலுக்கு வந்துவிட்டது. தாலி கட்டுவதைத் திரையில் பார்த்துக் கெட்டிமேளம் அடித்தோம். மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் தூவி முடித்த பிறகுதான் அங்கே மேளம் கேட்டதாம். பணம் வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

டொராண்டோப் பையனின் அப்பா கணக்குப் போட்டுச் சொன்னார். சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகுமாம். போனில் கால் நொடி பிந்தினால், தவில்காரர் 85 மீட்டர் தள்ளி நின்று அடிப்பதற்குச் சமம். கோபுர வாசலில் அவர், கருவறைக்குப் பக்கத்தில் நான். எப்படிச் சேரும்? அதனால் இப்போது வேறு வழி. நான் சுருதியோடு வாசித்துப் பதிந்து அனுப்புகிறேன். சித்தப்பா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அதற்கு அடித்துப் பதிகிறார். ஆரம்பத்தில் இருவரும் ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும், அதை அடையாளம் வைத்து அந்த அப்பா ஒட்டுகிறார். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி ஒன்றை அப்படிச் செய்தோம். கேட்டவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, “நீ வாசிச்சதுக்கு நான் அடிச்சேன், நான் அடிச்சதுக்கு நீ வாசிக்கலையே” என்றார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்கும் அந்த மல்லாரியை அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

உதட்டைப் பார்த்துக்கொள். வெயிலில் வண்டியில் போனால் உதடு வெடிக்கும், முகக்கவசம் வேறு உரசும். ராத்திரி படுக்கும்போது வெண்ணெய் தடவு. நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வாரம் போன் எடுத்தது பாப்பா. “அப்பா பெரிய பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க” என்றது. மீனா வாங்கி, “அவர் வர ஒன்பது ஆகும் மாமா” என்றாள். ஊரடங்கில் எந்தக் கோயிலில் ஒன்பது மணி வரை வாசிப்பு என்று நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. வண்டியை மெதுவாக ஓட்டு. சீவாளியை மட்டும் காயவிடாதே.

தாத்தா நாயனத்தைப் பாதி குருகுலத்தில் கற்றார், மீதியை இசைத்தட்டில் கற்றார். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம். ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம் ஓடும், முடிந்ததும் ஊசியைத் தூக்கித் திரும்ப வைக்க வேண்டும். டீக்கடைக்காரர் திட்டத் திட்ட நின்று கேட்டதை எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். அதுவும் எதிரே ஆள் இல்லாமல் கற்றதுதானே? இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் உன்னிடம் அப்படிப் பேசினேன்.

2014 ஆடி மாதம் சொல்கிறேன், நீ மறந்திருக்க மாட்டாய். கனடாவில் ஒரு வீட்டில் ஸ்கைப்பில் கற்றுக்கொடுக்கக் கேட்கிறார்கள் என்று வந்தாய். கடன் வாங்கி லேப்டாப் கூட வாங்கியிருந்தாய். சித்தப்பா, சுருதிக்கு ஒத்து ஊதுகிற ஒத்துக்காரர் எல்லோரும் இருக்க, “ஊதுகிற மூச்சை ஒயரில் அனுப்பப் போறியா, என் வாசலில் அது நடக்காது” என்றேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவாரம் அந்த லேப்டாப்பை விற்றுவிட்டாய். அடுத்த வருஷம் சென்னைக்குப் போனாய்.

இப்போது என் முன்னால் உட்காருகிறானே, அவன் அந்த வீட்டுப் பையன்தான். அன்றைக்குக் கேட்டது அவன் அண்ணனுக்காக. மூன்றாவது வகுப்பில்தான் எனக்கு இது தெரிந்தது. அண்ணன் கற்றுக்கொண்டானா என்று கேட்டேன், வயலினுக்குப் போய்விட்டான் என்றார்கள். ஆறு வருஷம். நீ அன்று ஆரம்பித்திருந்தால் இந்த மூன்று மாதத்தை எப்படிக் கழித்திருப்பாய் என்று கணக்குப் போடாத ராத்திரி இல்லை. பரம்பரை, மரியாதை என்றெல்லாம் அன்று சொன்னேன். நிஜம் அதுவல்ல. அவர்கள் உன்னைத் தேடி வந்தார்கள், என்னைத் தேடி வரவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அம்மாவுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை.

வராளி ராகத்தை நேரே சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாமல் போகும் என்பார்கள். அதற்குப் பயந்து உனக்கு நான் வராளி எடுக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து நான் வாசிப்பதை நீ உள்ளே கேட்டுப் பிடித்துக்கொண்டாய். என்னைவிட நன்றாகவே வாசிப்பாய், இதையும் உன்னிடம் சொன்னதில்லை. அத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் என்ன ஆயிற்று பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 27ஆம் தேதி சனிக்கிழமை வகுப்புக்கு “அண்ணன் வருவார்” என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். முடியாவிட்டால் மீனாவை விட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல், நானே எடுத்துக்கொள்கிறேன். உன் ப்ளாட்டில் வாசித்தால் சண்டைக்கு வருவார்கள் என்றால் வாயால் பாடிச் சொல், போதும். இன்னும் மூன்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள், ஒன்று சிங்கப்பூர். நான் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

பையன் மாயாமாளவகௌளை ராகத்தில் ஜண்டை வரிசைப் பாடம் முடித்துவிட்டான். சுத்த ரிஷபம், அந்த ‘ரி’ மட்டும் சுருதி ஏறிப் போகிறது. உதட்டு அழுத்தமா, மூச்சா, விரலா, போனில் எனக்குப் பிடிபடவில்லை. எட்டு வயதில் உனக்கும் இதே இடம்தான். நீ அதை எப்படிச் சரிசெய்தாய் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவு இல்லை. நான் அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. எப்படி வந்தது என்று நீயே அவனுக்குச் சொல்.

டப்பாவில் பச்சை நூல் கட்டிய சீவாளி கொஞ்சம் கனம், பழகப் பத்து நாள் ஆகும். மற்றது இப்போதே வாசிக்கலாம். பாப்பா கைக்கு எட்டாமல் வை.

உன் அப்பா