பில் வராத செலவு: தொண்டு அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் வரவு செலவுத் திட்டத்தில் இணையத்துக்கு இருப்பது பெரும்பாலும் ஒற்றை வரி. இணைப்புக் கட்டணமும் வலைத்தளச் சந்தாவும் அதில் அடங்கிவிடும். பெருஞ்செலவு வேறு இரண்டு இடங்களில் விழுகிறது: ஊழியர்களின் நேரத்தில், ஒரு சேவையை விட்டு வெளியேறும் நாளில். இரண்டுக்கும் பில் வராது என்பதால் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

கூகுள் விளம்பர மானியத்தைப் பாருங்கள். தகுதியுள்ள அமைப்புக்கு மாதம் 10,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை தேடல் விளம்பரம் இலவசம். ஆனால் விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் குறைந்தது 5 சதவீதம் பேராவது அதைச் சொடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் அந்த அளவு குறைந்தால் கணக்கு முடக்கப்படலாம். ஆகவே வாராவாரம் உட்கார்ந்து விளம்பரத்துக்கான தேடல் சொற்களைத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத அமைப்பு இதற்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே மேல்.

நன்கொடைப் பக்கத்தில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். பரிமாற்றத்துக்கு 2 சதவீதமும் கூடவே நிலையாக 3 ரூபாயும் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய் வந்தால் 23 போகும். 50 வந்தால் 4 போகும், அதாவது 8 சதவீதம். சிறு தொகைகளை நம்பும் அமைப்பை அந்த நிலைக் கட்டணம்தான் கடிக்கிறது. எங்கள் கணிப்பில் ஆன்லைன் நன்கொடையின் உண்மையான லாபம் மாதாந்தரத் தவணையில் இருக்கிறது. யாரும் நினைவூட்டாமலே பணம் வரும். அங்கேயும் ஓர் ஓட்டை உண்டு. கார்டு காலாவதியானால் தவணை சத்தமில்லாமல் நின்றுவிடும். வசூலாகாமல் போன தவணைகளின் பட்டியலை மாதம் ஒருமுறையாவது யாராவது திறந்து பார்க்க வேண்டும்.

செய்திமடல் ஸ்பேமில் விழுவதற்குக் காரணம் பல நேரம் டொமைன் (உங்கள் இணைய முகவரிப் பெயர்) அமைப்பில் இருக்கும். புதிய அஞ்சல் சேவையைச் சேர்க்கும்போது இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் பதிவை, அதாவது உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப யாருக்கு அனுமதி என்ற பட்டியலை, எழுதிவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும். பழைய பதிவுக்குள்ளேயே புதிய சேவையைச் சேர்க்க வேண்டும். டிகிம் (அஞ்சலில் சேரும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (சோதனையில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) இரண்டையும் கூடவே அமையுங்கள். அரை நாள் வேலை, கட்டணம் கிடையாது.

இணைப்பு வாங்கும்போது டவுன்லோடு வேகத்தை மட்டும் விசாரிப்பது வழக்கம். அப்லோடு வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்றால் 1 ஜிபி வீடியோ மேலேறக் கிட்டத்தட்ட 27 நிமிடம். அதே நேரத்தில் காணொலிக் கூட்டம் நடந்தால் முகங்கள் உறைந்து நிற்கும்.

நன்கொடைச் சேவையை விட்டு வெளியேறும் செலவை ஒப்பந்தத்துக்கு முன்பே அளந்துவிடலாம். சோதனைக் கணக்கில் பத்து நன்கொடையாளர்களைப் பதிந்து, சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணை) இறக்கிப் பாருங்கள். பெயரும் மின்னஞ்சலும் மட்டும் வருகின்றனவா, தேதி, தொகை, ரசீது எண்ணும் சேர்ந்து வருகின்றனவா? எக்செலில் திறந்ததும் தமிழ்ப் பெயர்கள் கோணல் எழுத்தாகத் தெரிந்தால் பதற வேண்டாம். எழுத்துக் குறியாக்கத்தில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்து இறக்குமதி செய்தால் சரியாகிவிடும். சேமித்த கார்டு விவரங்கள் மட்டும் பெரும்பாலும் கூட வராது. மாதத் தவணை தருபவர்கள் ஒவ்வொருவரிடமும் மறுபடி அனுமதி கேட்க வேண்டிவரும், அதில் ஒரு பகுதியினர் நழுவிப்போவார்கள்.

கடைசியாக டொமைன். கட்டணம் சொற்பம், இழந்தால் நட்டம் பெரிது. பழைய தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருந்தால் புதுப்பிப்பு நினைவூட்டல் அவருக்கே போகும். டாட் ஆர்க் (.org) என முடிவது போன்ற பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்ட பின் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. மீட்புக் கட்டணம் வழக்கமான புதுப்பிப்பைவிட மிக அதிகம். அதே டொமைனின் மின்னஞ்சலையும் பதிவுக்குக் கொடுக்காதீர்கள்: டொமைன் நின்ற அன்றே அஞ்சலும் நிற்கும், கடவுச்சொல்லை மீட்க வழியிருக்காது.

அடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில் இரண்டு வரி சேருங்கள்: டொமைன் கணக்கைத் திறக்கக்கூடிய இருவரின் பெயர், அது முடியும் தேதி.

இப்படிக்கு,
தொண்டு அமைப்புகளின் இணையப் பணிகளைக் கவனிக்கும் தன்னார்வலர்கள்