கைக்கு எட்டு நிமிடம்

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள மச்சான்,

சுகமா? முழங்கால் நோ எப்படி? எலும்பு டொக்டருக்கே முழங்கால் நோவாம் என்று இங்கே சொல்லிச் சிரித்தேன், கோவிக்காதே.

போன மாதம் எங்கள் பாடகர் குழு ஒரு விஷப் பரீட்சையில் இறங்கியது. புக்ஸ்தெஹூட என்ற ஐரோப்பிய இசையமைப்பாளர் 1680இல் எழுதிய 'மெம்ப்ரா யேசு நோஸ்ட்ரி'. சிலுவையில் தொங்கும் யேசுவின் பாதம், முழங்கால், கை, விலா, மார்பு, இதயம், முகம் என்று ஏழு பகுதி. பாட்டு லத்தீன், வந்த சனத்தில் ஒருவருக்கும் விளங்காது. ஆனால் பாதாதிகேசம், பாதத்திலிருந்து தலை வரை பாடுவது, என்று ஒரு சொல் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். "அப்பரின்ரை அங்கமாலை மாதிரியோ?" என்று பக்கத்து வீட்டு அன்ரி கேட்டா. கிட்டத்தட்டத்தான். அப்பர் தன் உறுப்புகளைக் கூப்பிட்டு வணங்கச் சொல்கிறார். இங்கே ஆண்டவனின் உறுப்புகளைக் கூப்பிட்டு வணங்குகிறார்கள்.

முழங்காலையும் இதயத்தையும் மட்டும் பாடினோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மருத்துவம் தெரிந்த ஒருவர் பேச்சு.

முழங்காலுக்கு வந்தவர் ஒரு பிசியோ பிள்ளை. எல்லாரையும் எழுப்பி, முழங்காலை அரைவாசி மடித்தபடி நிற்கச் சொன்னா. ஒரு நிமிடம் ஆகவில்லை, எனக்குத் தொடை நடுங்கத் தொடங்கிவிட்டது. தசை களைத்தால் அப்படித்தானாம். இருந்த கையோடு வயலின்கள் தொடங்கின. அந்தப் பகுதியின் முகப்பில் வரும் வாத்திய இசைக்கு 'நடுங்கும் சொனாட்டா' என்றே பெயர். வில்லும் நடுங்கியபடியே போகும். ஒருவரும் இருமக்கூட இல்லை.

இதயம்தான் சொதப்பிவிட்டது. வந்தவர் ஸ்லைட் போட்டு 35 நிமிடம் பேசினார். 1628இல் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் இரத்த ஓட்டத்தை விளக்கியது வரை நன்றாகவே இருந்தது. பிறகு இந்த இசையே இதயத் துடிப்புத்தான் என்று பாட்டுக்கும் விளக்கம் சொல்லப் போய்விட்டார். அந்தப் பகுதிக்கு வியோலா ட கம்பா என்ற பழைய வில் வாத்தியம் ஐந்து வேண்டும். எங்களிடம் இரவல் வாங்கிய ஒன்றுதான், மிச்சத்தைச் செல்லோவாலும் வியோலாவாலும் ஒப்பேற்றினோம். அந்த ஒன்றுக்கும் மிருகக் குடலில் செய்த தந்தி. அவர் பேசி முடிப்பதற்குள் கொழும்புப் புழுக்கத்தில் சுருதி கலைந்து, திரும்பக் கூட்ட வேண்டியதாயிற்று. இதயத்தைப் பற்றிப் பேசட்டும், பாட்டைப் பாட்டு பார்த்துக்கொள்ளும்.

வாற தவக்காலத்தில் ஏழையும் பாடுகிறோம். கையைப் பற்றிய பேச்சு உனக்கு. அம்மா கோழி வெட்டிய அன்று, காலில் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை நாணை இழுத்து நகங்களை மடக்கிக் காட்டினாயே, ஞாபகமா? விரலுக்குள் தசையே இல்லை, முன்கையில் இருக்கும் தசைதான் நாணால் இழுக்கிறது என்றாய். அன்றிலிருந்து வயலின்காரரின் விரலைவிட முன்கையைத்தான் பார்க்கிறேன். அதையே சொல்லு. "உன் கைகளில் இந்தக் காயங்கள் என்ன?" என்ற கேள்வியோடுதான் பாட்டு தொடங்கும்; அதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம்.

எட்டு நிமிடம், ஸ்லைட் கிடையாது. கோழிக்கால் கொண்டுவருவதென்றால் முதலே சொல், பாதரிடம் கேட்க வேண்டும். இரவுக் கோச்சிக்குச் சீட்டு நான் போடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி